ஆசிட் கேனைத் திறக்கும் அந்த ஐந்து நிமிடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் பாலை உறைய வைப்பது ஃபார்மிக் ஆசிட். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 85 சதவீதம். அரைக் கிலோ ரப்பர் ஷீட் வரும் ஒரு டிஷ்ஷுக்கு (பாலை ஊற்றி உறைய வைக்கும் தட்டு) 2 மில்லி போதும், அதையும் 200 மில்லி தண்ணீரில் கலந்துதான் ஊற்ற வேண்டும். இந்த 1 சதவீதக் கலவை கையில் பட்டால் கழுவிவிடலாம். ஆளைச் சுடுவது கேனிலிருந்து மக்குக்கு மாற்றும் அந்த நாலைந்து நிமிடம்தான்.

முதலில் கண். மூக்குக்கண்ணாடி உதவாது, அதன் ஓரமெல்லாம் திறந்து கிடக்கிறது. முகத்தோடு ஒட்டி உட்காரும் கெமிக்கல் காகிள்ஸ் வேண்டும். தச்சு வேலைக்கு விற்கும் காகிள்ஸில் காற்றுத்துளை நேராக இருக்கும், துளி உள்ளே வந்துவிடும். துளை மறைந்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கைக்கு, ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை வேண்டாம். முழங்கை வரை வரும் கனமான நியோப்ரீன் அல்லது பியூட்டைல் (செயற்கை ரப்பர் வகைகள்) கையுறை நல்லது. போடும் முன் காற்றடைத்து, வாயைச் சுருட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். புஸ் என்றால் ஓட்டை. கேனைத் தூக்கக் கையை உயர்த்தினால் வழியும் ஆசிட் முழங்கையை நோக்கி ஓடும். அதனால் கையுறையின் விளிம்பை இரண்டு விரல் அகலம் வெளிப்பக்கம் மடித்து விடுங்கள், அந்த மடிப்பில் துளி தேங்கி நின்றுவிடும். கழற்றும் முன் கையுறையோடே கழுவ வேண்டும்.

நம்ம ஊரில் அதிகம் மறப்பது கால். கைலியை மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே வெறும் தோல். செருப்பு வார் ஆசிட்டைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சுடும். கம்பூட், அதன் மேல் வந்து விழும் பிவிசி ஏப்ரன், அவ்வளவுதான். பேன்ட் போட்டால் பூட்டுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் பூட்டே ஆசிட் பிடிக்கும் பாத்திரமாகிவிடும்.

என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கம் இருக்க நின்றால் போதும். அடைத்த ஷெட்டுக்குள் என்றால் ஆசிட் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி, அதாவது ஆசிட் கேஸ் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

வெயிலில் கிடந்த கேனுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைக் கால் சுற்று தளர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றை விடுங்கள். சாய்த்து ஊற்றினால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். பிளாஸ்டிக் கைப்பம்பு மேல். வாயால் உறிஞ்சி எடுப்பதெல்லாம் பைத்தியக்காரத்தனம். மக்கில் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். விலை குறைவென்று ஃபார்மிக்குக்குப் பதில் சல்ஃபூரிக் ஆசிட் வாங்குகிறவர்கள் இதை மாற்றிச் செய்தால் கலவை கொதித்து முகத்தில் அடிக்கும்.

கேனைத் தொடும் முன் குழாயில் ஹோஸ் மாட்டித் தயாராக வையுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும், ஒரு வாளி அதற்குக் காணாது. பிறகு நேரே ஆஸ்பத்திரி. சோடா உப்பெல்லாம் தடவாதீர்கள்.

மிச்ச ஆசிட்டை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்துக்கு எந்தக் கவசமும் கிடையாது. பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான். கேனிலேயே இருக்கட்டும், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைத்த இடத்தில்.