கான்தால்: கறுப்புக் கல்லும் சிவப்பு மாடும்

பாரிஸில் லா சப்பல் பக்கம் இருந்தவரை எனக்குப் பிரான்ஸ் என்றால் மெட்ரோவும் ரெஸ்டாரன்ட் அடுப்படியும்தான். வேலை மாறி ஒரியாக் வந்த பிறகுதான் இந்த நாட்டின் மலையையும் மாட்டையும் பார்த்தேன்.

ஒரியாக், கான்தால் மாவட்டத்தின் தலைநகரம். மாவட்டத்தின் நடுப்பகுதி, எப்போதோ அணைந்துபோன பெரிய எரிமலை ஒன்றின் மேல் இருக்கிறது. பனியாறுகள் அதை அறுத்துப் பள்ளத்தாக்குகளாக்கிவிட்டன. மிஞ்சிய சிகரங்களில் ஒன்றான புய் மாரி 1,783 மீட்டர் உயரம். பழைய வீடுகள் எல்லாம் கறுத்த எரிமலைக்கல். முதல் குளிர்காலத்தில் அந்தக் கறுப்பு மனதை அழுத்தியது உண்மை. புல் துளிர்த்ததும் அந்த அழுத்தம் போய்விட்டது.

சலேர் என்ற மாட்டினம் இந்த மலைக்கே உரியது. கருஞ்சிவப்பு நிறம், நீண்ட கொம்பு. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பால் இறக்காது. முதலில் கன்றை ஊட்டவிட்டு, பிறகு அதைத் தாயின் முன்னங்காலோடு கட்டுகிறார்கள். கன்றின் முதுகில் கொஞ்சம் உப்புத் தூவினால் தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் கறந்துவிடுவார்கள். ஊரில் அம்மம்மா கன்றை ஊட்டவிட்டுக் கறந்ததைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சலேர் என்றே பெயர் கொண்ட சீஸை ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை, மாடு பச்சைப்புல் மேயும் காலத்தில் மட்டும், மரத்தொட்டியில் பால் உறையவைத்துச் செய்கிறார்கள்.

இந்த மண் எல்லாருக்கும் சோறு போடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் பலர் பாரிஸ் போய் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தார்கள். அப்புறம் விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு பக்கத்தில் வைன் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கியவர்கள் மெல்ல மெல்லக் கஃபே முதலாளிகளானார்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவின் தாத்தாவும் அப்படிப் போனவர். அதனால்தானோ என்னவோ, ஏன் நாட்டைவிட்டு வந்தீர்கள் என்று அவர் என்னைக் கேட்கவேயில்லை. அங்கே யார் மிச்சம் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்.

த்ருஃபாத் என்ற உருளைக்கிழங்குச் சாப்பாட்டைச் செய்யக் கற்றுத்தந்ததும் அவர்தான். உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக வெட்டி, பன்றிக்கொழுப்பில் உள்ளிப்பூண்டோடு பொன்னிறமாக வதக்கவேண்டும். கிழங்கு வெந்ததும் முதிராத இளஞ்சீஸைத் துண்டுதுண்டாகப் போட்டுக் கிளறினால் நூல் நூலாக இழுபடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கள் வீட்டிலும் இதுதான். சட்டியின் அடியில் முறுகிய பகுதிக்குப் பிள்ளைகளிடையே போட்டி.