மனுஷன் மாறவே மாட்டானா? பெரியம்மை கதைய ஒரு தடவை பாருங்க

மனித குலம் முன்னேறுதா இல்லையாங்கற சண்டை ரொம்பப் பழசு. பிரான்ஸ்ல கொந்தோர்சேன்னு ஒருத்தர், புரட்சி அரசாங்கம் அவரைக் கைது பண்ணத் தேடிட்டிருந்தப்போ ஒளிஞ்சிருந்துதான் மனுஷன் மேல மேல போய்க்கிட்டே இருப்பான்னு எழுதினார், 1794ல சிறையிலயே செத்தும் போனார். முன்னேற்றத்த நம்பாதவங்களுக்கு அவர் சாவே போதுமான ஆதாரம்.

இன்னைக்கு ஜான் கிரேங்கற பிரிட்டிஷ் தத்துவவாதி சொல்றது இன்னும் கூர்மையானது. அறிவியல் சேர்ந்துக்கிட்டே போகும், ஒழுக்கமும் அரசியலும் அப்படிச் சேராது, ஒரு தலைமுறை சம்பாதிச்சத அடுத்தது தொலைச்சிடும்ங்கறார். அதாவது கத்திதான் கூராகுது, பிடிச்சிருக்குற கை அதே கைதான். படிக்கும்போது ஆமான்னுதான் தோணும். ஆனா பெரியம்மை கதைய வச்சுப் பார்த்தா எனக்கு இது ஒத்து வரல.

இங்கிலாந்து டாக்டர் ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சது 1796ல. நோய் ஒழிஞ்சிடுச்சுன்னு உலக சுகாதார மாநாடு அறிவிச்சது 1980ல. நடுவுல 184 வருஷம்! மருந்து கையில இருந்துச்சு, ஆனா 20ஆம் நூற்றாண்டுல மட்டும் சுமார் 30 கோடி பேர் செத்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க. வெயில்ல கெடாத உலர்மருந்து வந்தது பெரிய உதவிதான், இல்லேங்கல, ஆனா அது மட்டுமே ஊர் ஊரா நடந்து போயிடாது.

1958ல உலகம் பூரா இத ஒழிக்கணும்னு சொன்னது சோவியத் தரப்புல வந்த ஸ்தானோவ். 1967ல திட்டம் வேகமெடுத்தப்போ தலைமை தாங்கினது ஹெண்டர்சன்ங்கற அமெரிக்கர். ஒருத்தர் மேல ஒருத்தர் அணுகுண்டை குறி வச்சிக்கிட்டிருந்த ரெண்டு நாடும், ஒண்ணு கோடிக்கணக்குல மருந்து கொடுக்க இன்னொண்ணு ஆளும் பணமும் கொடுக்க, ஒரே வேலைய பண்ணுச்சு. இது கத்தி கூரானதா? கைதானே மாறியிருக்கு?

இந்தியாவுல இது நடந்த விதம் இன்னும் எனக்குப் பிடிக்கும். அம்மை போட்ட குழந்தை படம் போட்ட ஒரு அட்டைய கையில வச்சிக்கிட்டு சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடா போய், இந்த மாதிரி யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. இருந்தா அந்த வீட்டச் சுத்தி இருக்குறவங்களுக்கெல்லாம் அம்மை குத்தினாங்க, நுனி ரெண்டா பிரிஞ்ச சின்ன ஊசி, நடுவுல ஒரு சொட்டு மருந்து நிக்கும், அதால மேல்கையில பதினஞ்சு குத்து. நம்ம வீட்டுப் பெரியவங்க கையில இருக்குற அந்த வட்டத் தழும்பு பல பேருக்கு அம்மை குத்தினதுதான். ஆத்தா எறங்கியிருக்கான்னு வேப்பிலை கட்டி வாசல்ல நிறுத்துற வீட்டுக்குள்ள நம்பிக்கைய சம்பாதிச்சு நுழையறது லேசுப்பட்ட காரியமா சொல்லுங்க. 1975ல இந்தியாவுல நோய் நின்னுச்சு.

உலகத்துலயே இயற்கையா பெரியம்மை வந்த கடைசி ஆள் அலி மாவ் மாலின், சோமாலியாவுல மெர்க்கா ஊர் ஆஸ்பத்திரி சமையல்காரர், 1977. ஆஸ்பத்திரியிலயே வேலை, ஆனா வலிக்கும்னு பயந்து ஊசி போட்டுக்கல. பிழைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் போலியோ சொட்டு மருந்து வேலைக்குப் போய், தயங்குற அம்மாக்கள்கிட்ட தன் கதையவே சொல்லி சம்மதிக்க வச்சார், அந்த வேலையில இருக்கும்போதே 2013ல மலேரியா வந்து இறந்தார். மனுஷன் மாறமாட்டான்னு சொல்றவங்க இவருக்கு என்ன பேர் வைப்பாங்கன்னு நிஜமாவே தெரிஞ்சிக்கணும்.

கிரே சொல்றதுல நியாயமே இல்லேன்னும் சொல்லமாட்டேன். அதே சோவியத் அதே கிருமிய ரகசியமா ஆயுதமாவும் வளர்த்துச்சு. இன்னைக்கும் அமெரிக்காவுல ஒரு லேப்லயும் ரஷ்யாவுல ஒரு லேப்லயும் அந்தக் கிருமி இருக்கு. பாகிஸ்தான்ல போலியோ மருந்து கொடுக்கப் போறவங்கள சுட்டுக் கொல்றாங்க. தொலைஞ்சு போக வாய்ப்பிருக்குங்கறத முழுசா ஒத்துக்குறேன். ஆனா தொலைக்க முடியும்னா முதல்ல சம்பாதிச்சிருக்கணும்ல, அப்ப முன்னேற்றமே கிடையாதுங்கறது எப்படி சரியாகும்?