சுங்கை சிப்புட் நாட்குறிப்பு: எந்த மண்ணுக்கு எந்தத் தலை

ஏப்ரல் 6, திங்கள்

தோட்டத்து ரோட்டோரம் இன்று மிஷினை இறக்கினோம். குடிநீர்க் குழாய் மூன்று இடங்களில் ரோட்டைக் கடக்கிறது. ரோட்டை வெட்ட அனுமதி இல்லை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். லோரிகள் இரவு பகலாக ஓடுகிற ரோடு இது. ஆகவே கீழே போகிறோம். 24 அங்குல இரும்புக் கேசிங்கை, அதாவது வெளிக்குழாயை, ஜாக் தள்ளும், உள்ளே ஆகர் என்ற திருகுத் தண்டு சுழன்று வெட்டிய மண்ணைப் பின்னால் கொண்டுவரும். ஆகரின் நுனியில் எந்த வெட்டுத் தலையை மாட்டுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இந்த ஊரில் அது சுலபமில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் வடகோடி இது. மலைப்பக்கம் கருங்கல், பள்ளத்தாக்குத் தரையில் சுண்ணாம்புக்கல், அதற்கு மேல் ஆற்று வண்டலும் பழைய ஈய லம்பத்து (சுரங்கத்து) மணலும். நாங்கள் கடக்க வேண்டிய மூன்று இடமும் மூன்று மண்.

ஏப்ரல் 8, புதன்

முதல் இடம் மலையடிவாரம். கருங்கல் மக்கி உண்டான செம்மண். மண் சோதனை ரிப்போர்ட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை. நாங்கள் போகும் ஆழத்தில் எஸ்.பி.டி. எண், அதாவது சோதனைக் குழாயை மண்ணில் இறக்க எத்தனை அடி தேவைப்பட்டது என்ற கணக்கு, 12, 15 என்று இருக்கிறது. உறுதியான களிமண் என்று அர்த்தம்.

இதற்குத் தட்டைப் பல் தலைதான் சரி. உளி மாதிரி அகலமான பல், மண்ணைச் சீவி எடுக்கும். பற்கள் குறைவாகவும் நடுவில் இடைவெளி தாராளமாகவும் இருக்க வேண்டும். நெருக்கமாகப் பல் வைத்த தலையைக் களிமண்ணில் விட்டால் மண் பற்களுக்கிடையே அப்பிக்கொண்டு தலையே ஒரு களிமண் உருண்டை ஆகிவிடும். அப்புறம் சுற்றும், ஆனால் வெட்டாது. ஒட்டுகிற மண்ணாக இருந்தால் தலைக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். கொஞ்சம்தான். அதிகம் விட்டால் மண் குழம்பாகிவிடும்.

தலையின் ஓரத்தில் இரண்டு இறக்கைகள் உண்டு. முன்சுற்றில் அவை விரிந்து கேசிங்கைவிட விட்டத்தில் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டும். கேசிங் உரசாமல் போக அந்த இடைவெளி தேவை. எதிர்ச்சுற்று கொடுத்தால் மடங்கிக்கொள்ளும், ஆகரோடு தலையையும் கேசிங் வழியாக வெளியே இழுத்துவிடலாம். மிஷின் ஓட்டும் மாமா, மாட்டுவதற்கு முன் இறக்கையைக் கையால் விரித்து மடக்கிப் பார்க்காமல் விடமாட்டார். உள்ளே போன பிறகு மடங்க மறுத்தால் அந்தத் தலையைக் கேசிங் வழியாக எடுக்க முடியாது.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த மண் சிவப்பாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம். பத்து மணிக்கு மேல் அதில் வெள்ளைப் பருக்கை தெரிய ஆரம்பித்தது. குவார்ட்ஸ், மக்கிய ஃபெல்ஸ்பார், இரண்டும் கருங்கல்லில் இருக்கும் தாதுக்கள். பிறகு வெங்காயத் தோல் போல மெல்லிய கல் சீவல். அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே தலைப் பக்கம் டக் டக் என்று சத்தம்.

"தம்பி, பிரஷர் கேஜைப் பாரு, ஏறுது. நிப்பாட்டு," என்றார் மாமா.

முன்னால் இருப்பது குண்டுக்கல். கருங்கல் மக்கும்போது விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி மூலைகளை முதலில் தின்றுவிடும். நடுவில் உருண்டையாக மக்காத கல் மிஞ்சும். சுற்றிலும் மெத்தென்ற மண், உள்ளே 100 மெகாபாஸ்கலுக்கு மேல் வலுவுள்ள மக்காத கல். இரண்டு துளைக்கும் நடுவில் அது படுத்திருந்தால் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. குறுக்கே இன்னும் இரண்டு துளை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

கேசிங் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள கல்லை ஆகர் விழுங்கிவிடும் என்பது தொழிலில் ஒரு கணக்கு. 24 அங்குலத்துக்கு 8 அங்குலம். அதைவிடப் பெரிது என்றால் உடைக்க வேண்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன். சைட் லீவு.

ஏப்ரல் 15, புதன்

ஆகரை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி தலையை வெளியே எடுத்தோம். தட்டைப் பல் இரண்டில் கார்பைட் என்ற கடினமான முனை உடைந்திருந்தது. தட்டைப் பல் கல்லில் மோதினால் இப்படித்தான் ஆகும், சீவுவதற்குச் செய்த பல் அது.

பாறைத் தலை வாடகைக்கு வந்திருக்கிறது. இதில் புல்லட் பல். கூம்பு வடிவம், நுனியில் டங்ஸ்டன் கார்பைட். தன் பிடிக்குள் தானாகச் சுழல வேண்டிய பல் இது. சுழன்றால்தான் முனை எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். நானும் புதிதாகச் சேர்ந்த தம்பியும் ஒவ்வொரு பல்லையும் விரலால் திருகிப் பார்த்தோம். சில பல் அசையவே இல்லை. பழைய மண் உள்ளே காய்ந்து இறுகி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகப் பளபளக்கிறது. பின்னாலிருந்து தட்டிக் கழற்றி, பிடியைத் துடைத்து, புதுப் பல் போட்டோம். வாடகைக்குக் கொடுத்த இடம் இதைப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

மெதுவான சுற்று, சீரான தள்ளு. குண்டுக்கல்லில் இதுதான் முக்கியம். அவசரப்பட்டுத் தள்ளினால் கல் உடையாது, மெத்தென்ற மண்ணில் தலையோடு சேர்ந்து அதுவும் உருளும், கேசிங்கையும் ஒரு பக்கம் தள்ளிவிடும். மாலைக்குள் கருங்கல் சில்லு வர ஆரம்பித்தது. கல் அசையாமல் நின்றுகொடுத்தது எங்கள் நல்ல நேரம்.

உடையாமலே போயிருந்தால் மேலிருந்து குழி தோண்டித்தான் எடுத்திருக்க வேண்டும். தம்பி, "ஆள் உள்ளே தவழ்ந்து போய் உடைக்க முடியாதாண்ணே?" என்று கேட்டான். 24 அங்குலக் குழாய்க்குள் ஒருத்தனும் போகக் கூடாது. அதை அவனிடம் அழுத்தமாகவே சொன்னேன்.

ஏப்ரல் 23, வியாழன்

இரண்டாவது இடம் லம்பத்து மணல். 1985-இல் ஈய விலை சரிந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. கழுவிப்போட்ட மணலும் குட்டைகளும் மிஞ்சின. மணலில் பிடிப்பே கிடையாது. சித்திரை மாதத்துச் சாயங்கால மழை வேறு, நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கிறது.

இங்கே தலை வெட்டுவதைவிட, வெட்டாமல் இருப்பதுதான் வேலை. தட்டைப் பல் தலையே போதும், ஆனால் இறக்கையைக் கழற்றிவிட்டோம். தலையைக் கேசிங் வாய்க்கு உள்ளேயே பின்தள்ளி வைத்தாயிற்று. களிமண்ணில் தலை கொஞ்சம் முன்னால் நீட்டி நிற்கலாம். இங்கே கேசிங் விளிம்பு முதலில் மணலுக்குள் நுழைய வேண்டும், அதன் வாய்க்குள் மணல் அடைப்பாக நிற்க வேண்டும். அந்த அடைப்பை எடுத்துவிட்டால் முன்னாலுள்ள மணல் தண்ணீரோடு ஓடி வரும். மேலே ரோடு உள்வாங்கும்.

ஆகவே முதலில் தண்ணீரை இறக்கினோம். இரண்டு பக்கமும் உறிஞ்சு குழாய் இறக்கி பம்ப் ஓடுகிறது. நீர்மட்டம் கேசிங்குக்குக் கீழே போகும்வரை மிஷினைத் தொடவில்லை. இறக்கை வெட்டிவிடும் இடைவெளி இல்லாததால் உரசல் கூடும், அதற்குக் கேசிங்கைச் சுற்றி பெண்டோனைட் என்ற வழுக்கும் களிமண் குழம்பு விடுகிறோம்.

வந்த மண்ணை மாமா கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். தள்ளிய நீளத்துக்கு எவ்வளவு மண் வர வேண்டுமோ அதைவிட அதிகம் வந்தால் மேலே எங்கேயோ பள்ளம் உண்டாகிறது. நன்றாகப் போனது, ரோடு அசையவில்லை.

மே 4, திங்கள்

மூன்றாவது இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து அதன் மேல்பரப்பு ஊசி ஊசியாக நிற்கும், நடுவே களிமண் நிறைந்த பள்ளங்கள். பாறைக்குச் சற்று மேலே எஸ்.பி.டி. எண் பூஜ்யத்துக்குப் போய்விடுகிற சேறும் இருக்கும்.

ரோட்டோரம் முழுக்க மெக்கிண்டோஷ் புரோப், அதாவது சுத்தியால் தட்டி இறக்கும் சோதனைக் கம்பி, அடித்துப் பார்த்தோம். ஒரு அடிக்கு 400 தட்டு தாண்டினால் நிறுத்துவது வழக்கம். ஓரிடத்தில் இரண்டு மீட்டரில் நின்றது, நாலு காலடி தள்ளி அடித்தால் எட்டு மீட்டர் வரை சறுக்கிக்கொண்டு இறங்கியது. நின்றது பாறையிலா, தனிக்கல்லிலா என்பதைப் புரோப் சொல்லாது. அதனால் இந்த முறை பிடிவாதமாக நின்று நடுவிலும் துளை போடவைத்தேன்.

முழுப் பாறை என்றால் டிஸ்க் கட்டர் (உருளும் வட்டத் தகடு) உள்ள தலையைக் கேசிங் முன்னால் வெல்டிங் செய்துவிடலாம். டிஸ்க் உருண்டுகொண்டே அழுத்தும், பாறை சில்லாகப் பெயரும். ஆனால் டிஸ்க் உருளுவதற்கு எதிரே கல் வேண்டும். சேற்றில் அது உருளாது, இழுபட்டு ஒரே இடத்தில் தட்டையாகத் தேயும். முகத்தில் பாதி கல், பாதி சேறு என்றால் தலை சேற்றுப் பக்கம் சாய்ந்துவிடும், கேசிங்கும் கூடவே போகும்.

மே 6, புதன்

நடுத்துளை வந்துவிட்டது. ரோட்டின் பாதி தூரம் களிமண், பிறகு பாறை சரிவாக ஏறுகிறது. தவ்கே (முதலாளி) தொலைபேசியில், "இருக்கிற பாறைத் தலையிலேயே போய்ப் பாரேன்," என்றார். முடியாது என்றேன். சரிவில் புல்லட் பல் வழுக்கும்.

மாமாவும் நானும் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குழாய் போகும் கோட்டை ஒன்றரை மீட்டர் ஆழம் கூட்டினால் சரிவு சீக்கிரமே முடிகிறது, மீதி முழுப் பாறை. மிஷின் நிற்கும் குழி ஆழமாகும், பலகைத் தடுப்பு கூடுதல் வேண்டும், செலவும் ஏறும். அந்தக் கலப்புப் பகுதிக்கு டிஸ்க்கும் கார்பைட் பல்லும் சேர்ந்த கலப்புத் தலை கேட்டிருக்கிறோம். முதல் கேசிங்கில் திசை திருப்பும் அமைப்பும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தவ்கே விலையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சரி என்றார். தலை அடுத்த வாரம் வரும். அதற்குள் குழியை ஆழப்படுத்திவிட வேண்டும், நாளைக் காலை எக்ஸ்கவேட்டர் வருகிறது.