குடசப்பாலைக் கஷாயமும் சித்தப்பாவின் ஃபார்வர்டும்

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒன்று அனுப்பியிருந்தார். குடசப்பாலை மரத்தின் பட்டைக் கஷாயம் குடித்தால் மலேரியா ஓடிப்போகுமாம், விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்களாம். வழக்கமாக இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேன். ஆனால் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஆறு மாதம் அதே பட்டையோடு மல்லுக்கட்டியவள் என்பதால் கை சும்மா இருக்கவில்லை.

முழுப் பொய்யும் இல்லை அது. ஹரித்வாரில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தப் பட்டையிலிருந்து கோனெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 2013-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மில்லிலிட்டருக்கு 1.3 மைக்ரோகிராம் இருந்தாலே ஆய்வகத்தில் வளர்த்த மலேரியா ஒட்டுண்ணிகளின் வளர்ச்சி பாதியாகிவிட்டது. மலேரியா தொற்றவைத்த சுண்டெலிகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தபோது ஒட்டுண்ணி 89 சதவீதம் வரை குறைந்தது. ஃபார்வர்டு எழுதியவர் இங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது: 14. மில்லிலிட்டருக்கு அத்தனை மைக்ரோகிராம் இருந்தால் எலியின் தசை செல்களில் பாதியைக் கோனெசின் கொன்றுவிடும். அதாவது கிருமிக்கும் செல்லுக்கும் நடுவே பத்துப் பதினோரு மடங்கு இடைவெளிதான். மருந்து தேடுகிறவர்களுக்கு இது போதாது. ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து, கிருமியைத் தடுக்கக் கோனெசின் தேவைப்படும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவிலேயே வேலையை முடித்துவிடும், அதையும்கூட அப்படியே விடாமல் மாற்றி மாற்றித்தான் ஊசியாகப் போடும் ஆர்ட்டிசுனேட் வரை கொண்டுவந்தார்கள். கோனெசினை முன்பு சீதபேதிக்கே மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நரம்பு மண்டலத்தைத் தொந்தரவு செய்தது. கஷாயத்தில் அது எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்து குடிக்கிறார்கள்?

கோனெசின் ஒரு ஸ்டீராய்டு அல்கலாய்டு, அதாவது ஸ்டீராய்டு கூட்டில் நைட்ரஜன் சேர்ந்த தாவரப் பொருள். ஸ்டீராய்டு என்றதும் ஜிம் பையன்களும் ஆஸ்துமா மாத்திரையும்தான் நினைவுக்கு வரும், ஆனால் நான்கு வளையங்கள் ஒட்டிய அந்தக் கூடு எதில் இருந்தாலும் ஸ்டீராய்டுதான், நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் உட்பட. கூடு ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மூளை மலேரியாவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தாய்லாந்தில் 100 நோயாளிகளிடம் சோதித்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் மயக்கத்திலிருந்து மீள இன்னும் அதிக நேரம் ஆனது.

இதற்கெல்லாம் முன்னால், கையில் இருப்பது சரியான பட்டைதானா என்ற தகராறு இருக்கிறது, அதைத்தான் சித்தப்பாவிடம் முதலில் சொன்னேன். என் புராஜெக்டின் போது நடந்தது இது. நாட்டுமருந்துக் கடையில் குடசப்பாலைப் பட்டை என்று கேட்டு அரைக் கிலோ வாங்கி வந்தேன். இடித்துச் சலித்து அம்மோனியாவில் நனைக்கப் போகும் நேரத்தில் தாவரவியல் மேடம் எட்டிப் பார்த்தார். இடிக்காமல் மிச்சமிருந்த ஒரு துண்டை நாக்கில் வைத்தவர், "கசக்கவே இல்லையேம்மா, இது வெட்பாலை" என்றார். போச்சு. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் வெள்ளைப் பூ, எதை ஒடித்தாலும் பால் வரும், காயும் இரட்டை இரட்டையாகத் தொங்கும். மரத்தில் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: வெட்பாலையில் ஜோடிக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், குடசப்பாலையில் தனித்தனியாக இருக்கும். சீவி மூட்டை கட்டிய பிறகு நாக்குதான் கதி. வெட்பாலை ஒன்றும் மட்டமில்லை, இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறுமே, சோரியாசிஸுக்குத் தடவுவார்கள், அந்த மரம்தான். ஆனால் நான் தேடியது அதில்லை.

அடுத்த பட்டையை மேடமே மரத்தைக் காட்டிச் சீவித் தந்தார். குளோரோஃபார்மில் இறங்கிய சாற்றைத் தகட்டில் ஓடவிட்டு அல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்ததும் ஆரஞ்சுப் புள்ளிகள் பளிச்சென்று வந்தன, அன்று மாலை எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இத்தனையையும் குழுவில் தட்டச்சு செய்து முடித்தேன். சித்தப்பா படித்துவிட்டு, "சரிம்மா, அப்போ வயிற்றுப்போக்குக்கு வாங்கி வைத்திருக்கும் குடஜாரிஷ்டத்தை என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார். அதுவும் இதே பட்டையில் செய்கிற ஆயுர்வேத மருந்துதான், ஆனால் அது வேறு விஷயம் சித்தப்பா, கொடுத்த வைத்தியரையே கேளுங்கள்.