ஒன்பதரை சென்டிமீட்டர்

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை முதல் மழைக்கே பெயர்ந்துவிட்டது. போட்ட வேலையின் அளவுகளைப் பதிந்து வைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தரும் கெடு 30 நாள். பதில் 28ஆம் நாள் வந்தது. கனம் 15 சென்டிமீட்டர் என்றிருந்தது. உடைந்த ஓரத்தில் மகளின் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். ஒன்பதரை! வயிறு எரிந்தது. அது எங்கள் வரிப்பணம் அல்லவா?

அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு அளவுகளையும் உரக்கப் படித்தேன். தீர்மான நோட்டில் எழுதத் தயங்கினார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி எழுந்து, “முதலில் எழுதுங்கள் தம்பி, பிறகு கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். பேனா திறந்தது. எழுதி முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை.