வலி இல்லை, கடுப்புதான்

எர்கனாமிக்ஸ் (வேலையை மனித உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் துறை) படிப்பது என்று முடிவெடுத்தபோது, அந்தப் பெயரிலேயே ஒரு முதுகலைப் பட்டம் சென்னையில் இருக்கும் என்று நம்பினேன். தேடித் தேடி அலுத்ததுதான் மிச்சம். ஐஐடிகளின் வடிவமைப்புப் படிப்புக்குப் போகலாம் என்றால் நுழைவுத் தேர்வில் படம் வரைய வேண்டும். எனக்குக் கோலமே கோணலாகத்தான் வரும். கடைசியில் ஒரு சீனியர் அக்கா சொன்ன வழிதான் சரிப்பட்டது. தொழிலகப் பொறியியலில் எம்.இ. சேர்ந்து, ப்ராஜெக்டை எர்கனாமிக்ஸில் செய்துகொள்வது. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிக் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன்.

முதல் மூன்று செமஸ்டர் எப்படியோ ஓடிவிட்டது. கதையே நாலாவதில்தான்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. தி.நகர் ஜவுளிக் கடைகளில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். ஆறு கடைகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஏழாவது கடை மேனேஜர் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொன்னார், கேமரா மட்டும் கூடாது என்றார். கல்யாண சீசனில் கூட்டம் எப்போது குறையும்? தினமும் போய்ப் படிக்கட்டு ஓரமாக நின்றேன்.

முதலில் கையில் எடுத்தது ரூலா. வேலை செய்யும்போது உடம்பு இருக்கும் நிலை எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிட 1993-இல் வந்த முறை. கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு இருக்கும் கோணத்தைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். 7 வந்தால் உடனே மாற்றியாக வேண்டும். காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் 3தான் வந்தது. காரணம் எளிது: ரூலாவில் காலுக்கு இருப்பதே 1 அல்லது 2தான். இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நின்றால் 1. எத்தனை மணி நேரம் நின்றாய் என்று அது கேட்பதே இல்லை!

சரி, நார்டிக் கேள்வித்தாளைப் பார்ப்போம் என்று போனேன். உடம்பை ஒன்பது பகுதியாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில், கடந்த 7 நாளில் தொந்தரவு உண்டா என்று கேட்கும் தாள் அது. நானே தமிழில் எழுதினேன். “முழங்காலில் வலி இருக்கிறதா?” எல்லோரும் “இல்லை” என்றார்கள். இருபது தாள் வீண்.

பட்டுப்புடவை செக்‌ஷனில் இருந்த ஒரு அக்காதான் கண்ணைத் திறந்தார். “வலியெல்லாம் இல்ல பாப்பா. ராத்திரியானா கெண்டைக்கால் கடுக்கும், அவ்வளவுதான். தலைகாணி மேல காலத் தூக்கி வச்சாதான் தூக்கம் வரும்.” கீழே விழுந்து அடிபட்டால்தான் அவர்களுக்கு அது வலி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சமாச்சாரம். தினமும் வருவதற்கு வேறு பெயர். கடுப்பு, குடைச்சல், மரத்துப்போவது என்று பிரித்து மறுபடியும் கேட்டேன். அப்புறம் “இல்லை” என்றவர்கள் இரண்டே பேர்.

ஸ்டூல்? இருந்தது. கவுண்டருக்கு அடியில், மேலே அட்டைப்பெட்டிகளோடு. இழுத்துப்போட்டு டைலர் டேப்பால் அளந்தேன். அதில் உட்கார்ந்தால் அந்த அக்காவுக்குப் பாதம் தரையில் படவில்லை.

வைவாவில், அதாவது ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வில், ரூலா பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பின்னிணைப்பில் இருந்த தமிழ்க் கேள்வித்தாளை மட்டும் வெகுநேரம் புரட்டினார். “எங்க அம்மா ‘உளைச்சல்’னு சொல்லுவாங்க. அது ஏன் இதுல இல்ல?” என்றார்.


அன்றிரவே சேர்த்துவிட்டுத்தான் பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.