புஜாங்நிம் வீட்டுக் கிம்ஜாங்

நவம்பர் 20, 2024, புதன். சியோல்

காலையில் இஞ்சியோனில் இறங்கி, ரயில் பிடித்து சியோல் வந்து சேர்ந்தேன். அறையில் பையை வைத்துவிட்டு முதலில் புஜாங்நிமுக்கு போன் செய்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தபோது எங்கள் பிரிவுக்குத் தலைவர் அவர். 'புஜாங்நிம்' என்பது பெயர் இல்லை, பதவியைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிடும் முறை. நான்கு வருடம் எங்களோடு இருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் அமைதியாகிவிடுவார். "இப்போ எங்க வீட்ல கிம்ஜாங்" என்பார். கிம்ச்சி என்பது காய்கறியை உப்பும் மசாலாவும் சேர்த்துப் புளிக்க வைத்தது. குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதைச் சொந்தமும் அக்கம்பக்கமும் கூடிப் போடும் நாள்தான் கிம்ஜாங். ஊருக்குத் திரும்பும்போது, "வர்றதா இருந்தா நவம்பர்ல வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

இரவு ஒரு சின்னக் கடையில் தொயென்ஜாங் குழம்பு, அதாவது புளித்த சோயா விழுதுக் குழம்பு, கேட்டேன். அது வருவதற்கு முன்பே ஐந்து சிறு கிண்ணங்கள் வந்துவிட்டன: கிம்ச்சி, முளைப்பயறு, கீரை, முள்ளங்கி, பொரித்த நெத்திலி. இவற்றுக்குப் பஞ்சான் என்று பெயர். தனிக்காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் வைக்கிறார்கள். பந்தியில் பொரியலை இரண்டாம் முறை கேட்கும் உரிமை இங்கேயும் இருக்கிறது.

நவம்பர் 21, வியாழன். சியோல்

குவாங்ஜாங் சந்தை. 1905 முதல் நடக்கிறது. துணிக்கடைகளுக்கு நடுவே நீளமாகச் சாப்பாட்டு வரிசை. பிந்தெத்தொக் போடும் கடைகளில் மின்சாரத்தில் ஓடும் கல் உரலில் ஊறவைத்த பாசிப்பயறு அரைபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மாவில் முளைப்பயறும் கிம்ச்சியும் கலந்து, நிறைய எண்ணெய் விட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கனமாகச் சுட்டு எடுக்கிறார்கள். ஓரம் முறுகல், நடுவில் மெத்தென்று. அடை தின்று வளர்ந்தவனுக்கு யாரும் இதை விளக்க வேண்டாம். தொட்டுக்கொள்ள சோயா சாற்றில் ஊறிய வெங்காயம். மாவில் பன்றி இறைச்சி சேர்ப்பதும் உண்டு, வேண்டாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நவம்பர் 22, வெள்ளி. குவேசன்

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேருந்து. குவேசன் மலைகள் சூழ்ந்த ஊர், மிளகாய்க்கும் உப்பிட்ட முட்டைக்கோசுக்கும் பெயர் போனது. புஜாங்நிமின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. குனிந்து வணங்கினேன். என் கையைப் பிடித்துப் பார்த்து, "சில்லென்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லி, சூடான தரையில் உட்கார வைத்தார். தரைக்கு அடியில் குழாய் ஓடுகிறது, அதில் வெந்நீர்.

வேலை இன்றைக்கே ஆரம்பம். முற்றத்தில் எண்பது முட்டைக்கோஸ். நம் ஊர் உருண்டை வகை இல்லை, நீளமாக, வெளிர் பச்சையில், தோளில் சாய்த்த குழந்தை அளவுக்கு இருக்கும். அடியில் மட்டும் கத்தி வைத்துக் கீறி, மீதியைக் கையால் பிளக்க வேண்டும். முழுவதும் கத்தியால் வெட்டினால் உள் இலைகள் நறுங்கி வீணாகும். பிறகு உப்பு நீரில் முக்கி, தடித்த தண்டுப் பக்கம் மட்டும் கல்லுப்பைத் தூவி அடுக்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து, அடியில் இருந்ததை மேலே, மேலே இருந்ததை அடியில் என்று மாற்றினோம். தண்டை வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும், அதுதான் பதம். புஜாங்நிம் வளைத்துக் காட்டினார். அம்மா பார்க்கக்கூட இல்லை, வாளியில் கை விட்டதுமே "இன்னும் மூணு மணி நேரம்" என்றார்.

இன்று கொரியாவில் கிம்ச்சி நாள் என்று பேருந்தில் படித்தேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, கை ஓயவே இல்லை.

நவம்பர் 23, சனி. குவேசன்

காலை ஆறு மணிக்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் வந்துவிட்டார்கள். போன வாரம் இந்த அம்மா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாராம். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. இதற்கு 'பூமாசி' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். மகளும் மருமகளும் சியோலிலிருந்து வந்திருந்தார்கள். யுனெஸ்கோ 2013-இல் கிம்ஜாங்கைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கிம்ச்சி என்ற பண்டத்தைச் சேர்க்கவில்லை, சேர்ந்து செய்து பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்தைத்தான் சேர்த்தது. அந்த முற்றத்தில் உட்கார்ந்தபோது அதன் பொருள் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கோஸை மூன்று தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வடியவிட்டோம். மசாலாவுக்குப் பசையரிசி மாவுக் கஞ்சி, கொச்சுகாரு என்ற மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய சின்ன இறால், நெத்திலிச் சாறு, ஈர்க்குச்சி போல நறுக்கிய முள்ளங்கி, வெங்காயத்தாள், கடுகுக் கீரை. மிளகாய்த்தூளில் விதை இல்லை, கரகரப்பாக, லேசான இனிப்போடு இருக்கிறது. நம் குண்டு மிளகாயின் உறைப்பு அதில் கிடையாது. நமக்கும் இவர்களுக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதற்கு முன்னால் கிம்ச்சி வெளுப்பாகத்தான் இருந்தது.

சிவப்பு ரப்பர் கையுறை மாட்டி, ஒவ்வொரு இலையாகத் தூக்கித் தூக்கித் தடவ வேண்டும். தண்டில் அதிகம், நுனியில் குறைவு. முடித்ததும் வெளி இலையால் மொத்தத்தையும் சுற்றிக் கட்ட வேண்டும். நான் முதலில் கட்டியதை அம்மா பிரித்து, என் கையைத் தன் கைக்குள் வைத்து மறுபடி சுற்ற வைத்தார். அளவு எவ்வளவு என்று கேட்டேன். புஜாங்நிம்தான் பதில் சொன்னார்: "சொன்மட்". கையின் ருசி. நாம் கைப்பக்குவம் என்கிறோமே, அதேதான். இந்தச் சொல்லை அகராதியில் தேடியிருந்தால் இவ்வளவு நன்றாகத் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

மதியம் வேகவைத்த பன்றி இறைச்சி, அன்று போட்ட பச்சைக் கிம்ச்சி, சோறு. அம்மா கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுத்தார்கள். ஒரு இலையைக் கிழித்து இறைச்சியைச் சுற்றி அவரே என் வாயில் ஊட்டினார். எனக்கு அப்போது பேச வரவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடை, அதில் பதினேழு மண் ஜாடிகள். ஒன்றில் மூன்று வருடத் தொயென்ஜாங். வேகவைத்து இடித்த சோயாவைச் செங்கல் போலப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வைக்கோலில் இருக்கும் நுண்ணுயிர்தான் அதைப் புளிக்க வைக்கிறது. குளிர் முடியும்போது உப்பு நீரில் போட்டு, கரியும் காய்ந்த மிளகாயும் மிதக்கவிட்டால், சில வாரத்தில் நீர் சோயா சாறு, கட்டி தொயென்ஜாங். அம்மா காலையில் ஒவ்வொரு மூடியையும் துடைக்கிறார். வெயிலுக்குத் திறப்பதும், மழைக்கு மூடுவதும் அவர் வேலை.

நவம்பர் 26, செவ்வாய். சியோல்

ஜின்குவான்சா, புகான்சன் மலையடிவாரத்தில் பிக்குணிகள் நடத்தும் கோயில், 1011-இல் எழுப்பியது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கொரியாவில் தவிப்பது கிம்ச்சியில்கூட இறால் இருப்பதால்தான். இங்கே அந்தக் கவலை இல்லை. பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. பௌத்தம் விலக்கிய ஐந்து வாசனைகளில் ஐந்தாவது பெருங்காயம் என்று தெரிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில் பூண்டு வெங்காயத்தை விலக்கும் சமையலுக்கு மணம் தருவதே அதுதானே! இங்கே அது விளைவதில்லை, பட்டியலில் மட்டும் இருக்கிறது. கடைசியில் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, ஒரு துண்டு முள்ளங்கியால் வழித்து, அந்த நீரையும் குடித்துவிடுவது கோயில் முறை.

நவம்பர் 27, புதன்

விடிந்தபோது சியோல் முழுக்க வெள்ளை. 1907-இல் பதிவு தொடங்கியதிலிருந்து நவம்பரில் இத்தனை பனி விழுந்ததில்லையாம். நான் பார்க்கும் முதல் பனி. புஜாங்நிம் செய்தி அனுப்பியிருந்தார்: "அம்மா கேட்கிறார், காலில் நல்ல செருப்பு இருக்கிறதா?"

நவம்பர் 29, வெள்ளி. சென்னை

பனியால் விமானம் தாமதம். புஜாங்நிமின் அம்மா கொடுத்த கிம்ச்சி, புளிக்கும்போது வரும் காற்றுக்கு இடம் விட்டு மூன்று உறை போட்டது, பெட்டியில் கசியாமல் வந்தது. ஒரு வாரத்தில் புளிப்பு ஏறியிருக்கிறது. என் அம்மா இறாலைப் பொருட்படுத்தவில்லை, சோற்றில் வைத்து இரண்டு வாய் மென்றார். "இஞ்சி அளவா போட்டிருக்காங்க" என்றார். அப்புறம் பரணிலிருந்து பெரிய பீங்கான் ஜாடியை இறக்கச் சொன்னார். நார்த்தங்காய் ஊறுகாய். "அவங்களுக்கு எவ்வளவு அனுப்பலாம், கேட்டுச் சொல்லு."